அலங்காநல்லூருக்கு ஒரு வண்டி வீடு

மதுரைக்கு வடமேற்கே, 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது அலங்காநல்லூர். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது நெல்லும் கரும்பும் வாழையும் விளைகிற சாதாரண ஊர்தான். டவுன் பஸ் வரும், போகும். டீக்கடை வாசலில் நாலு பேர் பேப்பர் படிப்பார்கள். வரப்பில் ஆடு மேயும். தை மாதம் மூன்றாம் நாள் மட்டும் ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்!

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இதுதான் மதுரை வட்டாரத்து ஜல்லிக்கட்டின் வரிசை. வாடிவாசல் என்றதும் கோட்டை வாசலைப்போல் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காளை மட்டும் வெளியே வரக்கூடிய குறுகிய வழி அது. முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிக்கமாட்டார்கள். கும்பிட்டு வழி விடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு காளையாக அவிழ்ப்பார்கள். தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் பறக்கும். அதோடு நம் நெஞ்சும் சேர்ந்து பறக்கும்!

2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்ததால் அடுத்த இரண்டு பொங்கலுக்கும் வாடிவாசல் மூடியே கிடந்தது. 2017 ஜனவரியில் மாநிலமெங்கும் கிளர்ச்சி நடந்தது. சட்டம் திருத்தப்பட்டு, அந்த வருஷம் பிப்ரவரியில் இங்கே மறுபடி காளைகள் ஓடின. 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜனவரியில் பக்கத்துக் கீழக்கரையில் ஒரு பெரிய ஏறு தழுவுதல் அரங்கமும் திறந்தாயிற்று. ஆகவே காளைக்கு இனிக் கவலை இல்லை.

கவலையெல்லாம், அதைப் பார்க்கப் போகிற உங்களைப் பற்றித்தான்!

தள்ளி வைத்த செம்பு

விளையாட்டு காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம்வரை நடக்கும். நல்ல இடம் வேண்டுமானால் விடியுமுன்பே போய்ச் சேரவேண்டும். உள்ளூரில் சொந்தக்காரர் வீடு இருந்தால் மொட்டை மாடியில் சௌகரியமாக உட்காரலாம். இல்லாதவர்கள் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான். ஆண்களுக்கு இதில் சங்கடம் ஒன்றுமில்லை. வேலி ஓரம், மர நிழல், எல்லாம் அவர்களுக்குப் போதும்.

நமக்கு? முதல் நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். "வேண்டாம்மா, வழியில் எங்கே இறங்குவது?" என்று உங்கள் மாமியார் செம்பைத் தள்ளி வைப்பார். அதைப் பார்த்து நீங்களும் தள்ளி வைப்பீர்கள். உங்களைப் பார்த்து உங்கள் பெண்ணும் கற்றுக்கொள்வாள். தலைவலி, நீர்க்கடுப்பு, ஊர் திரும்பியதும் டாக்டர். பிரயாணம் என்றாலே பெண்கள் கட்டுகிற இந்த வரியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ரயிலிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளத்துப் பயணி, அவசரத்துக்கு இறங்கியதால் ரயிலைத் தவறவிட்டுப் பட்ட அவமானத்தை ரயில்வே அதிகாரிக்குக் கடிதமாக எழுதிப் போட்டார். ரயில் பெட்டிகளில் எல்லா வகுப்புக்கும் கழிப்பறை வந்த கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். வேஷ்டியும் செம்புமாக ஓடிய ஒரு மனிதர் துணிந்து எழுதியது எத்தனை பெண்களுக்கு உபகாரமாகப் போயிற்று, பாருங்கள்!

இப்போது சாலைப் பிரயாணத்துக்கும் அப்படி ஒரு வசதி வந்திருக்கிறது. சினிமாக்காரர்கள் 'கேரவன்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி வண்டி. படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை, எல்லாம் உள்ளேயே இருக்கும். 2021-ல் கேரள அரசு இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. இங்கேயும் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாம் அதை வண்டி வீடு என்று சொல்லிக்கொள்வோம்.

வண்டி வீட்டின் பெருமை அதன் மெத்தையில் இல்லை. அந்த அலமாரி அறையில் இருக்கிறது. அது இருந்தால் மாமியார் செம்பைத் தள்ளி வைக்கமாட்டார். ஆனால் அந்த அறைக்கு ஒரு சத்துரு உண்டு. அதுதான் வாடை! வாடை வந்துவிட்டால், "கதவைச் சாத்து, யாரும் உள்ளே போகாதீர்கள்" என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். அப்புறம் பழைய கதைதான். பணம் கொடுத்து எடுத்த வண்டியில், பழையபடி தாகத்தோடு பிரயாணம்!

ஆகையால் காளையைப் பார்க்கப் போகுமுன் வாடையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் குளியலறையிலும் இதே சாமர்த்தியம் உதவும்.

ஊதுவத்தி வேண்டாம்

சென்னையிலிருந்து புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரை சுமார் 460 கிலோமீட்டர். செங்கற்பட்டு தாண்டும்வரை எல்லோரும் குஷியாக இருக்கிறார்கள். திண்டிவனம் வருவதற்குள் பையன் மூக்கைப் பிடிக்கிறான். "அம்மா, என்னமோ நாறுது!"

உடனே உங்கள் கை ஊதுவத்தியைத் தேடும். நிறுத்துங்கள்! வண்டிக்குள்ளே எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு துர்நாற்றத்தைக் கலந்து வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத மூக்குக்கு அதுவும் சாக்கடை மாதிரிதான் இருக்கும். ஆகவே முதல் வேலை: வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். சிலிண்டரை மூடுங்கள். ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். விளக்கு ஸ்விச்சைக்கூடத் தொடவேண்டாம். சிலிண்டர்மேல் சந்தேகம் முற்றிலும் தீர்ந்த பிறகுதான் கழிப்பறைப் பக்கம் போகவேண்டும்.

சந்தேகம் தீர்ந்த பிறகும் ஊதுவத்தி வேண்டாம், வாசனைத் தைலமும் வேண்டாம். மதுரை மல்லியைக் கூடையோடு கொட்டினாலும் பிரயோஜனமில்லை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. தை மாதக் குளிரில் வரத்துக் குறைந்து, விலை ஆகாயத்தில் நிற்கும். அதைக் கூந்தலில் வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறையில் வேண்டாம். வாடை என்பது ஒரு தகவல். 'இங்கே ஒரு வழி திறந்திருக்கிறது' என்று அது சொல்கிறது. மணத்தைப் போட்டு மூடினால் தகவல் மறையும், வழி அடைபடாது.

லண்டன் மாநகரமே இந்தப் பாடத்தை மெத்தச் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகி நாறிற்று. பார்லிமெண்டு கட்டடத்தின் திரைச்சீலைகளை மருந்து நீரில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். நாற்றம் போகவில்லை. கடைசியில் பாஸல்ஜெட் என்ற எஞ்சினீயரிடம் காரியத்தை ஒப்படைத்து, ஊர் முழுவதும் சாக்கடைக் குழாய் போட்ட பிறகே விடிவு பிறந்தது. நனைந்த திரைச்சீலைக்கும் நம் ஊதுவத்திக்கும் என்ன வித்தியாசம்?

எப்போது? எங்கே?

போலீஸ்காரர் மாதிரி இரண்டு கேள்விகள் கேளுங்கள். வாடை எப்போது வருகிறது? எங்கே வருகிறது?

வண்டி ஓடும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் கூரையில் இருக்கிற காற்று விசிறியைப் பாருங்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாகவேண்டும் அல்லவா? ஜன்னலெல்லாம் மூடியிருந்தால் கழிவுத் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வரும்! கழிப்பறையை உபயோகிக்கும்போது விசிறியை நிறுத்துங்கள். மற்ற நேரத்தில் விசிறி ஓடினால் ஒரு ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். பைசாச் செலவில்லாத வைத்தியம்.

நிறுத்திய பிறகும் வருகிறதா? வண்டியில் கழிவு நீர் இறங்குகிற வாய்கள் நாலைந்துதான் இருக்கும்: கழிப்பறைப் பீங்கான், குளிக்கிற இடத்துத் தரை, கை கழுவும் தொட்டி, சமையல் தொட்டி. ஒவ்வொரு வாயையும் ஈரத்துணி சுருட்டி அடைத்துவிடுங்கள். கால் மணி நேரம் காற்றாட வெளியே போய் நில்லுங்கள். வெளியே போவது முக்கியம். ஏனென்றால் மூக்கு சீக்கிரம் பழகிப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பிறகு உள்ளே வந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து முகருங்கள். எந்தத் துணியை எடுத்ததும் வாடை வருகிறதோ, அதுதான் குற்றவாளியின் வீடு.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு புளிய மரத்தடியில் இந்தச் சோதனையை நடத்திவிடலாம். பெரியவர்கள் அதற்குள் இடுப்பை நிமிர்த்திக்கொள்வார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர்

பெரும்பாலும் குற்றவாளி குளியலிடத்துத் தரைதான் என்று பழகியவர்கள் சொல்வார்கள். காரணம் சுவாரசியமானது.

கை கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒரு வளைவு வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இடம் போதாமல் வளைத்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை! அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாதாரணமாக இரண்டு அங்குல ஆழம் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. மேலிருந்து வரும் நீரை அது கீழே விடும். கீழிருந்து வரும் நாற்றக் காற்றை மேலே விடாது. குழாய் வேலைக்காரர்கள் இதை 'டிராப்' என்பார்கள். தரையில் வைப்பதற்கு 'நஹானி டிராப்' என்று பெயர். 1775-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், கழிப்பறைக்கு அடியில் இப்படி ஒரு வளைகுழாய் வைத்து உரிமைப் பட்டயம் வாங்கினார். கடிகாரத்தின் முள்ளை ஓட வைத்தவர், நாற்றத்தை ஓட முடியாமல் நிறுத்திவிட்டார்!

இந்தத் தண்ணீர்க் கதவுக்கு ஒரே பலவீனம் உண்டு. தண்ணீர் வற்றினால் கதவு இல்லை. வீட்டில் விருந்தாளி அறைக் குளியலறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால், திறந்ததும் குப்பென்று அடிக்கிறதே, அது இதனால்தான். வண்டி வீட்டில் இன்னும் மோசம். வாடகைக்காரர் கொட்டகையில் வண்டி வாரக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கும். ஓடும்போது குலுங்கிக் குலுங்கி இருக்கிற தண்ணீரும் சிந்திவிடும். பிரயாணத்தில் யாரும் குளிக்காததால் புதுத் தண்ணீரும் விழுவதில்லை.

வைத்தியம்? ஒவ்வொரு வாயிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான்! காலை புறப்படுமுன் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு படுக்குமுன் ஒன்று. நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால் ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடவேண்டும்.

கழிப்பறைப் பீங்கானில் சங்கதி வேறு. வண்டியில் வளைகுழாய்க்கு இடமில்லாததால் அடியில் ஒரு மூடி இருக்கும். மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். அதன்மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும். இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் காணாமற்போனால் ரப்பர் தேய்ந்துவிட்டது, அல்லது மூடியின் விளிம்பில் காகிதம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். கையுறை போட்டுத் துடைத்துப் பாருங்கள். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாஸ்லைன் கூடாது. அது ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும். அதற்கும் சரிப்படாவிட்டால் வளையத்தை மாற்ற வேண்டியதுதான்.

சாம்பாரின் பழி

திருச்சி தாண்டித் துவரங்குறிச்சிச் சாலையில் போகும்போது டிரைவர் பிரேக் போடுகிறார். உடனே சமையல் தொட்டிப் பக்கம் ஒரு வாடை. "அம்மா, கக்கூஸ் இந்தப் பக்கம் இல்லையே!" என்கிறார் டிரைவர்.

டிரைவர் தம்பி சொல்வது சரிதான். வண்டியில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்று கழிப்பறைக்கு. மற்றது பாத்திரம் கழுவிய நீருக்கும் குளித்த நீருக்கும். நாறுவது கழிப்பறைத் தொட்டிதான் என்று நாம் அநியாயமாக அதன்மேல் பழி போடுவோம். அரிசி களைந்த நீர், மோர், சாம்பார் வண்டல், எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் போய்ச் சேர்கிற இரண்டாவது தொட்டி, ஒரே பகலில் முதல் தொட்டியைத் தோற்கடித்துவிடும். பிரேக் போடும்போது உள்ளே அலை அடித்துக் காற்றை மேலே தள்ளுகிறது.

பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போடுங்கள். சோற்றுப் பருக்கை ஒன்றுகூடக் குழாயில் இறங்கக்கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை சோப்புத் தண்ணீர் விட்டு வண்டியை ஓட்டினால், குலுக்கலிலேயே தொட்டி கழுவப்பட்டுவிடும். தொட்டிக்கு அடியில், சுவரோரமாக, காற்று உள்ளே வருவதற்கென்று மூடி போட்ட ஒரு சின்னக் குழாய் இருந்தால் அதையும் பாருங்கள். காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத வால்வு அது. அதன் ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் திறந்த வீடாகிவிடும். புதிதாக ஒன்று வாங்கித் திருகிவிடலாம்.

கழிப்பறைத் தொட்டிக்கு நாலு சட்டங்கள். தண்ணீரைத் தாராளமாக விடவேண்டும். சிக்கனம் பிடித்தால் அடியில் கெட்டியாகி மலை மாதிரி குவியும். வெளியேற்றும் வால்வைத் திறந்தே வைக்கக்கூடாது. நீர் மட்டும் போய்விடும், மற்றது தங்கிவிடும். முக்கால் பங்கு நிறைகிற வரைக்கும் காத்திருக்காமல், மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் காலி செய்துவிடவேண்டும். நாப்கின், குழந்தைத் துடைப்பான், பஞ்சு எதையும் உள்ளே போடவே கூடாது. அவற்றுக்கு மூடி போட்ட தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

பினாயிலும் பிளீச்சிங் நீரும்? வேண்டவே வேண்டாம். மலத்தை மக்கவைக்கிற நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். அதோடு, பிளீச்சிங் நீர் சிறுநீரோடு கலந்தால் நெஞ்சை அடைக்கும் விஷக்காற்று உண்டாகும். அத்தனை சின்ன அறையில் அது விளையாட்டல்ல.

கூரை மேல் குளவி

மேலூர் தாண்டினால் மதுரை வந்துவிட்டது. நேரம் இருந்தால் தென்கிழக்கே கீழடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2023-ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மண்ணில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்திருக்கின்றன. தண்ணீர் போகிற வழியைப் பற்றி நம் முன்னோர் எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

பிறகு மதுரையிலிருந்து வடமேற்கே திரும்பினால், சிக்கந்தர் சாவடி வழியாக அலங்காநல்லூர்ச் சாலை. நகரத்துச் சத்தம் குறையக் குறையப் பச்சை கூடும். பெரியாற்றுப் பாசனம் பாய்கிற பூமி இது. மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றை 1895-ல் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார் கர்னல் பென்னிகுயிக். நீர் போகிற வழியை அறிந்தவனுக்கு மலையும் வழி விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஊரை நெருங்கி, தெரிந்தவர் தோப்பில் அனுமதி வாங்கி வண்டியை நிறுத்துகிறீர்கள். எல்லா வாயிலும் தண்ணீர் ஊற்றியாயிற்று. ரப்பரும் சரியாக இருக்கிறது. ஆனாலும் கழிப்பறையில் மிதியை மிதித்ததும் முகத்தில் அடிக்கிறதா? கூரையைப் பாருங்கள்.

தொட்டியிலிருந்து ஒரு குழாய் நேராகக் கூரைக்கு மேலே போகிறது. அதற்கு 'வென்ட் பைப்' என்று பெயர். உண்டாகிற காற்று அதன் வழியாக ஆகாயத்துக்குப் போய்விடவேண்டும். வண்டி வெகுநாள் நின்றிருந்தால் அதன் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் இலை அடைத்திருக்கும். மேலே போக முடியாத காற்று கீழே, உங்களிடம் வருகிறது. ஏணி வைத்து ஏறத் தெரிந்த ஒருவர், குளவி இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு கம்பியால் சுத்தம் செய்தால் போதும். குழாய் வாயில் கொசுவலை கட்டிவிட்டால் மறுபடி வராது.

இன்னொரு மாயாவியும் உண்டு. இரவெல்லாம் விளக்கு எரிய வண்டியில் பாட்டரி இருக்கும். பழைய ஈயப் பாட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிச் சூடானால், அழுகிய முட்டை வாடை அடிக்கும். சாட்சாத் சாக்கடை வாடை! கழிப்பறையை நாலு தடவை கழுவியும் போகவில்லை என்றால், சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள், கதவைத் திறந்து வெளியே வாருங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாட்டரியைத் தொடவேண்டாம்.

வாய்க்கால் யாருடையது?

விழா முடிந்தது. தொட்டி நிறைந்தது. இப்போதுதான் நிஜமான பரீட்சை.

தோப்புக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது. ராத்திரி நேரம். "யார் பார்க்கப் போகிறார்கள், அம்மா? வால்வைத் திறந்துவிட்டால் அரை நிமிஷ வேலை" என்று யாராவது சொல்வார்கள். தயவு செய்து சம்மதிக்காதீர்கள். அந்த வாய்க்காலில்தான் நாளைக் காலை ஒருத்தி நாற்று நட இறங்குவாள். நேற்று நீங்கள் பார்த்துக் கையைத் தட்டிய காளை, அதில்தான் தண்ணீர் குடிக்கும். நாம் தாகமில்லாமல் பிரயாணம் செய்வதற்காக இன்னொருத்தியின் தண்ணீரைக் கெடுப்பது எந்த நியாயம்?

சில வண்டிகளில் தொட்டியே 20 லிட்டர் அளவில் ஒரு பெட்டியாக இருக்கும். சூட்கேஸ் மாதிரி இழுத்து வெளியே எடுக்கலாம். மதுரையில் தங்கும் விடுதியிலோ சொந்தக்காரர் வீட்டிலோ சொல்லி அனுமதி வாங்கி, அவர்கள் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிடலாம். பெரிய தொட்டியாக இருந்தால் கழிவுநீர் லாரியை அழைக்கவேண்டும். குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துப் போவார்கள். "எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பதில் வந்தால்தான் பணத்தை எடுங்கள். செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இத்தகைய கழிவுக்கென்றே தனி நிலையம் அமைத்திருக்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை. கேட்கிறவர்கள்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனிதன் கையால் மலம் அள்ளுவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டாங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆனாலும் சாவுச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பணம் வந்தென்ன, ஆள் வருவாரா?

அவரைக் கொல்வது எது தெரியுமா? உங்கள் வண்டியில் லேசாக மூக்கைத் துளைத்ததே, அழுகிய முட்டை வாடை, அதே காற்றுதான். ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயர். காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமானால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றமே தெரியாது! வாடை போய்விட்டது என்று குனிகிற மனிதர் எழுந்திருப்பதில்லை. ஆகவே வண்டியானாலும் வீடானாலும், மூடியைத் திறந்து யாரையும் உள்ளே எட்டிப் பார்க்கவோ இறங்கவோ விடாதீர்கள். "அம்மா, இருநூறு ரூபாய் கூடக் கொடுங்கள், நானே இறங்கிவிடுகிறேன்" என்று வருகிறவரிடம், "வேண்டாம் தம்பி, லாரி வரட்டும்" என்று சொல்கிற அதிகாரம் வீட்டுக்காரியான உங்களிடம் இருக்கிறது. அதை உபயோகியுங்கள்.

புறப்படுமுன்

வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே நாலு காரியம் பார்த்துவிடுங்கள். எல்லா வாயிலும் தண்ணீர் ஊற்றி, அரை மணி கதவை மூடி வைத்துத் திறந்து முகருங்கள். பீங்கானில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். கூரைக் குழாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டியை எங்கே காலி செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கிற அம்மாளுக்கு நல்ல வண்டியாகக் கொடுப்பார்கள்!

கையோடு எடுத்துப் போகவேண்டியவை: ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, பழைய துணி, ரப்பர் மூடிகள், சோப்பு, கொசுவலைத் துண்டு, ஒரு டம்ளர்.

அந்த டம்ளர் முக்கியம். ராத்திரி படுக்குமுன் அதில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு வாயிலும் ஊற்றுங்கள். பிறகு செம்பை எடுத்து மாமியாருக்கு ஒரு டம்ளர் கொடுங்கள், நீங்களும் வயிறு நிறையக் குடியுங்கள். காலையில் காளை வரும்போது தெம்பாக நின்று பார்க்கலாம்.